ஓசிப் பாட்டு அல்ல, சார்!

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பகலில் வங்கி வேலை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு இன்டர்நெட் ரேடியோ. சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது. வாரம் ஒரு மணி நேரம், ஒரு தலைப்பு. ஒரு வாரம் ரயில் பாட்டு, அடுத்த வாரம் தாலாட்டு, அதற்கடுத்த வாரம் கடிதம் வருகிற பாட்டு. பத்துப் பன்னிரண்டு பாட்டுக்காக ஐந்து ராத்திரி தேடுவார். படம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்.

போன மாதம் கடையை மூடிவிட்டார்.

"ஏன் சார்?" என்றேன்.

"முறைப்படி லைசென்ஸ் வாங்கலாம்னு ஒரு கம்பெனிக்கு போன் பண்ணினேன். எத்தனை லட்சம் நேயர்கள், என்ன வருமானம்னு கேட்டாங்க. நூத்தி இருபது பேர், வருமானம் பூஜ்யம்னேன். சிரிச்சுட்டு வெச்சுட்டாங்க."

விஷயம் இதுதான். 2012-ல் நம் காப்புரிமைச் சட்டத்தில் 31டி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ரேடியோவும் டி.வி.யும் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாட்டு போடலாம். கம்பெனி கம்பெனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். இது இன்டர்நெட்டுக்கும் உண்டா? ஒரு பெரிய ஆப்புக்கும் ஒரு பெரிய இசை கம்பெனிக்கும் வழக்கு நடந்தது. கிடையாது என்று 2019 ஏப்ரலில் மும்பை உயர்நீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. கோடிகளுக்காக இரண்டு பேர் மோதினார்கள். நூற்றி இருபது நேயர்கள் வைத்திருப்பவருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்பட்டது.

உடனே ஒரு கேள்வி வரும். "அடுத்தவன் உழைப்பை ஓசியில் போட விடணுமா?"

கூடாது. கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பணம் போயே ஆகவேண்டும். நண்பரும் அதைத்தான் சொல்கிறார். பணம் கட்டத் தயார், கட்டுவதற்குக் கவுன்ட்டர் எங்கே என்று கேட்கிறார். நான் பி.காம். படித்தவன். பத்து ரூபாய் கட்ட வருகிறவனுக்கும் ரசீது போடத் தெரியாத கம்பெனி நஷ்டத்தைத் தானே தேடிக்கொள்கிறது.

அமெரிக்காவில் அந்தக் கவுன்ட்டர் உண்டு. லாப நோக்கமில்லாத இணைய வானொலி, பாடல் பதிவுகளுக்காக ஒரு சேனலுக்கு வருடம் 500 டாலர் என்று 2016-ல் நிர்ணயித்தார்கள். 2020 வரை, குறிப்பிட்ட அளவு நேயர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால், அங்கேயும் ஒரு கோணல். 1998-ல் வந்த சட்டப்படி, அந்த உரிமத்தில் மூன்று மணி நேரத்துக்குள் ஒரே பாடகரின் 4 பாட்டுக்கு மேல் போடக்கூடாது. 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. மறைந்தார். அவருக்கு ஒரு மணி நேர அஞ்சலி செய்ய நினைக்கிற அமெரிக்கத் தமிழர், நாலாவது பாட்டோடு கும்பிட்டு விடைபெற வேண்டியதுதான். அந்தக் கவுன்ட்டரைக் காப்பியடிப்போம். அந்தக் கோணல் நமக்கு வேண்டாம்.

சாத்தின கதவு என்ன செய்யும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். 1952-ல் மத்திய அமைச்சர் கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டார்கள். 1957-ல் விவித பாரதியைத் தொடங்கித்தான் டெல்லி சமாளித்தது. இன்றைக்குக் கதவைச் சாத்தினால், ஒழுங்காகக் கட்டணம் கட்ட நினைக்கிறவன் வீட்டுக்குப் போய்விடுவான். திருடுகிறவன் பாட்டுக்குத் திருடிக்கொண்டிருப்பான்.

கேட்பது ஒன்றே ஒன்று. விளம்பரம் இல்லாத, சம்பளம் இல்லாத சின்ன இணைய வானொலிக்கு, வருடத்துக்கு ஒரு சின்னக் கட்டணம், ஒரே இடம், ஒரே ரசீது. சட்டத்தில் நாலு வரி சேர்த்தால் போதும். போட்ட பாட்டுகளின் பட்டியலை மாதாமாதம் கொடு என்று நிபந்தனையும் வைக்கட்டும். நண்பர் நோட்டுப் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார்.

"ஆப் இருக்கே, அப்புறம் இவர் எதுக்கு?" என்கிறீர்களா? சரி. இன்று காலை உங்கள் ஆப் பாடிய கடைசிப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா?

அதை எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.