எந்தத் தூரத்தில் துல்லியம்?

தேசிய மாணவர் படையில் உள்ள என் மாணவர் ஒருவர், சுடுபயிற்சிக்கு மறுநாள் ஓர் இலக்கு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். .22 துப்பாக்கியால் 25 மீட்டரிலிருந்து சுட்ட ஐந்து குண்டுகள். நான்கு துளைகளை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். ஐந்தாவது அவற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே. “அதை விட்டுவிடுங்கள் சார், பிசகிவிட்டது. இந்தத் தோட்டா ரொம்பத் துல்லியம்” என்றார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை.

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்டு கிடைமட்டமாக, விநாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றுத் தடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். 25 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பினால் அது 3 செ.மீ. தாழும். 50 மீட்டரில் 12 செ.மீ.; 100 மீட்டரில் 48 செ.மீ. எல்லாக் குண்டுகளும் இப்படி ஒரே அளவு தாழ்ந்தால் கவலையில்லை. பின் சைட்டைச் சற்று உயர்த்திச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒரு தோட்டாவில் மருந்து இம்மியளவு குறைந்து, குண்டு 315 மீட்டர் வேகத்தில் கிளம்பினால்? 25 மீட்டரில் அது மற்றவற்றைவிட 1 மி.மீ. கீழே படும். குண்டின் விட்டமே 5.6 மி.மீ. என்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. 50 மீட்டரில் 4 மி.மீ.; 100 மீட்டரிலோ ஒன்றரை சென்டிமீட்டர்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. தான். அங்கே 4 மி.மீ. சிறிய விஷயமா?

கைநடுக்கத்தால் வரும் சிதறலோ இருமடங்கு தூரத்தில் இருமடங்குதான் ஆகும். ஆகவே பல தூரங்களில் சுட்டால்தான் பிழை தோட்டாவுடையதா, கையுடையதா என்று பிரித்தறிய முடியும். நம் மாணவர் ஒதுக்கிய ஐந்தாவது துளைக்கு வேகக் குறைவுதான் காரணம் என்றால், அந்தக் குண்டு சுமார் 277 மீட்டர் வேகத்தில் போயிருக்க வேண்டும். நல்ல தோட்டா அவ்வளவு மாறாது. கையைத்தான் சந்தேகிக்க வேண்டும்! அந்த அட்டை சுட்டவரைப் பற்றிப் பேசுகிறது. தோட்டாவைப் பற்றி அநேகமாக ஒன்றுமே சொல்லவில்லை.

தூரத்தோடு வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு, வழியில் ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது காற்றில் சற்றுத் தடுமாறும். அதனால்தான் போட்டித் தோட்டாக்களை ஒலியை மிஞ்சாதபடி செய்கிறார்கள். ஒலியின் வேகம் 10 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 337 மீட்டர். தாம்பரத்துக் கோடையில் 350-ஐத் தாண்டும். 340 மீட்டர் வேகமுள்ள குண்டு இங்கே ஒலிக்குப் பிந்தியது, குளிர்நாட்டில் முந்தியது!

இதை நம் ஊரிலேயே அளந்திருக்கிறார்கள். 1820, 1821-இல் சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்காம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கச் செய்து, ஒளி தெரிந்தபின் ஒலி கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நுங்கம்பாக்கத்திலிருந்து கணக்கிட்டார். பல்லாவரம் ரயிலில் போகும்போது தெரிகிறதே, அதே மலைதான். ஒன்று நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல், மற்றது ஒன்பது கிலோமீட்டர். அவரும் ஒரே தூரத்தை நம்பவில்லை. ஒவ்வொரு தடவையும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றையும் எழுதிவைத்தார். 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவற்றை வெளியிட்டது.

நம் செய்முறைக் குறிப்பேடுகளில் ஒத்துவராத அளவீட்டை ரப்பரால் அழித்துவிடுகிறோம். புத்தக விடைக்கே முழு மதிப்பெண் போடும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு.

மாணவர் அட்டையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முகாமில் துப்பாக்கியை மணல்மூட்டைமேல் வைத்து, 25, 50 மீட்டர்களில் பத்துப் பத்துக் குண்டு சுட அனுமதி கேட்டிருக்கிறாராம். அங்கே தோட்டாவை எண்ணித்தான் கொடுப்பார்கள். கிடைக்குமோ என்னவோ.