நெஞ்சும் நாவும்

கொலை செய்யாதே என்னும் பழைய கட்டளையை எடுத்துரைத்த உடனேயே, ஒரு வசைச்சொல்லைப் பற்றிப் பேசுகிறார் இயேசுநாதர். மத்தேயு எழுதிய நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் வருவது அது. தன் உடன்பிறந்தானை 'ராக்கா' என்பவனும் தீர்ப்புக்கு உரியவனே என்கிறார். அரமேய மொழியில் அச்சொல்லுக்கு ஒன்றுமில்லாதவன் என்பது பொருள். பழைய தமிழ் வேதாகமம் அதனை 'வீணன்' என்று பெயர்த்தது. நாள்தோறும் பலர் எறிந்துவிட்டுப் போகும் சொல்தான்! அதனைக் கொலையின் அருகே வைப்பானேன்?

விடை அந்நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மரத்தைக் கனியால் அறிவதுபோல் மனத்தைச் சொல்லால் அறியலாம் என்பது அவர் கருத்து. ஆகவே நாவை மட்டும் திருத்துவது, வேப்பமரத்தில் மாங்கனியைக் கட்டித் தொங்கவிடுவது போலாகும். நம் வள்ளுவரும் இன்சொல்லுக்கென ஓர் அதிகாரம் வகுத்தாரெனினும், அன்பு கலவாத சொல்லை இன்சொல்லென்று ஏற்றாரில்லை.

இவ்வுண்மையை நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கண்கூடாகக் காணலாம். தமிழில் கூலி என்பது வேலைக்குரிய ஊதியம். அதனைப் பெறுபவன் கூலியாள். வெள்ளைத் துரைமாரின் நாவிலோ ஆள் உதிர்ந்து கூலி மட்டும் நின்றது. அவர்கள் தமிழ் கற்பதற்கென்று வெளிவந்த கைந்நூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா'! 1915இல் வெல்ஸ் என்பார் இயற்றிய மற்றொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. வா, வாரும், வாருங்கள் என மதிப்பின் அளவை வினைச்சொல்லின் வாலிலேயே வைத்திருக்கும் மொழி நம்முடையது. நெஞ்சில் இருப்பதை மறைத்துக்கொண்டு தமிழில் ஒருவரை அழைப்பது எளிதன்று. துரைமார் முதற்படியோடு நின்றுவிட்டனர்.

அவர்களுக்குப் பக்தி இல்லாமலில்லை. டிக்கோயாவில் அவர்கள் தொழுத வார்லி தேவாலயம் 1878இல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. 1850களில் தோட்டத் தமிழரிடையே தொடங்கிய திருச்சபைத் தொண்டுகூடத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர் பூண்டது. பள்ளிகள் வைத்து எழுத்தறிவித்த தொண்டு அது. அதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் நற்செய்தி சொல்ல வந்தவர்கள் அப்பெயரை எவ்வாறு வாயால் மொழிந்தனர் என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

துரைமாரைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ள இயலாது. 'தோட்டக்காட்டான்' என்பது ஆங்கிலச் சொல் அன்று. தமிழர் நாவில் புழங்கிய தமிழ்ச் சொல். கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின, துரைமாரும் கப்பலேறினர். 'வா' மட்டும் போகவில்லை. அறுபது வயதுக் கொழுந்துக்காரி ஒருத்தி ஏதேனும் அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பான் அவள் பேரன் வயதுப் பிள்ளை. அவளுக்குப் பின்னால் கால்சட்டை அணிந்து நிற்பவரிடம், "சொல்லுங்கள் ஐயா" என்பான். இரண்டும் ஒரே நிமிடத்தில், ஒரே வாயிலிருந்து வருவன! மரியாதையாகப் பேசுக என்று அறிவிப்புப் பலகை மாட்டினால் இது தீருமா?

சொல் புறப்பட்ட நெஞ்சைப் பற்றியே வேதம் பேசுகிறது. அது போய்த் தைக்கும் நெஞ்சையும் ஆசிரியராகிய நாம் காண்கிறோம். வகுப்பில் புதிய மாணவனை எந்த ஊர் என்று வினவினால், "அட்டன்" என்பான். அட்டனில் எவ்விடம் என்றால், "டவுனுக்குப் பக்கத்தில்" என்பான். மூன்றாம் முறை கேட்ட பிறகே, தலையைக் குனிந்துகொண்டு, தோட்டத்தின் பெயரைச் சொல்வான்.