உரமூட்டைக்கு அடங்காத களை

உர உற்பத்தியையும் விநியோகத்தையும் பத்தாண்டில் மும்மடங்காக்கப் போவதாக 2024 மே மாதம் நைரோபியில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் அறிவித்தார்கள். 2006-இல் அபுஜாவில் கூடியபோது ஹெக்டேருக்கு 50 கிலோ என்று இலக்கு வைத்தவர்களும் இவர்கள்தான். 2015 என்ற கெடு வந்து போனது, இலக்கு எட்டவில்லை. நைரோபி மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அதே கென்யாவில் மானிய மூட்டைகளில் போலி உரம் விற்ற ஊழல் அம்பலமானது. அதன் பிறகும் மூட்டைக் கணக்குதானா? விக்டோரியா ஏரிக்கரை மக்காச்சோளக் காடுகளில் ஊதாப் பூவோடு நிற்கும் களையை யார் கணக்கெடுப்பது?

லுவோ மக்கள் அதைக் ‘கயோங்கோ’ என்கிறார்கள். அறிவியல் பெயர் ஸ்ட்ரைகா. அதன் உறவுச்செடி நம் சோளத்திலும் கரும்பிலும் உண்டு. சுடுமல்லி என்றால் நம் விவசாயிகளுக்குத் தெரியும். பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் இது மண்ணுக்கு மேலே தலைகாட்டும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். ஒரே செடி 50,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். தூசி போன்ற அந்த விதை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் காத்துக்கிடக்கும்; பயிர்வேரின் கசிவை உணர்ந்த பிறகே முளைக்கும்.

அந்தப் பலவீனத்தில்தான் அமெரிக்கா கைவைத்தது. 1956-இல் இரு கரோலினா மாநிலங்களிலும் ஸ்ட்ரைகா கண்டுபிடிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 1,75,000 ஹெக்டேர். அரசு காடுகாடாகத் தேடியது. களை கண்ட நிலத்திலிருந்து மண் ஒட்டிய எந்திரங்கள் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தியது. மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தியது. பயிர் வந்துவிட்டதென்று ஏமாந்து முளைத்த விதைகள், ஒட்ட வேரின்றிச் செத்தன. அரை நூற்றாண்டு, 25 கோடி டாலருக்கு மேல் செலவு. இன்று 99 விழுக்காட்டுக்கும் அதிகமான நிலம் மீண்டுவிட்டது. எந்த விவசாயியிடமும் ‘நீயே பிடுங்கிக்கொள்’ என்று அந்த அரசு சொல்லவில்லை.

ஆப்பிரிக்காவில் அந்த வேலை பெண்களின் களைக்கொத்துக்கு விடப்பட்டிருக்கிறது. பணமில்லை என்பது சாக்கு. மானிய உரத்துக்கு ஆண்டுதோறும் பணம் இருக்கிறதே! உரம் போட்டாலே களை அடங்கும் என்கிறார்கள். வளமான மண்ணில் அது குறையும்தான். புதைந்த விதையை எந்த மூட்டை அழிக்கும்? இதையும் யோசிக்காதவர்களோடு வாதாட ஒன்றுமில்லை.

எத்திலீனும் அங்கே தேவையில்லை. இந்தியாவில் பிறந்த பூச்சியியலாளர் ஜியாவுர் கானும் அவருடைய குழுவினரும் கென்யாவில் தண்டுத்துளைப்பானை விரட்ட, மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற தீவனச்செடியை நட்டார்கள். பூச்சி குறைந்தது, எதிர்பாராமல் ஸ்ட்ரைகாவும் மறையத் தொடங்கியது. அந்தச் செடியின் வேர்க்கசிவு களைவிதையை முளைக்கவைத்து, பயிரில் ஒட்டவிடாமல் சாகடிக்கிறது. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது, மாட்டுக்கும் தீவனமாகிறது. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா, களையை எதிர்க்கும் சோள ரகங்களுக்காக 2009-இல் உலக உணவுப் பரிசே பெற்றார்.

கருவி இருக்கிறது, கைகளும் இருக்கின்றன. டெஸ்மோடியம் விதைதான் விவசாயிக்கு எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை. உரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த விதைக்கு ஒதுக்கட்டும். கரோலினாவுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. கென்யாவுக்கு அதில் பாதி போதும்.