மார்ஷல் நேசமணியும் மலையில் விடுபட்டவர்களும்

நேசமணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1956 நவம்பர் 1 அன்று கதையை முடித்துக்கொள்கிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த நாள் அது. குமரி மாவட்டம் பிறந்தது. 'குமரித் தந்தை' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அந்த வெற்றி பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் கேட்டது அவ்வளவு மட்டுமல்ல. மலைத் தாலுகாக்களான தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேட்டார். அதற்காகச் சிறை போனார். அந்த மலையில் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்று இந்த எழுபது ஆண்டுகளில் தமிழ்நாடு எத்தனை முறை கேட்டிருக்கிறது?

அவர் பிறந்தது 1895இல், விளவங்கோடு தாலுகாவில் உள்ள பள்ளியாடியில். சட்டம் படித்துவிட்டு நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு வக்கீலாக வந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் குமரி மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். மேல்சாதி வக்கீல்கள் உட்கார நாற்காலி. மற்ற சாதி வக்கீல்களுக்கு முக்காலி. படித்தது ஒரே சட்டம், போட்டிருப்பது ஒரே கறுப்பு அங்கி, ஆனால் முதுகு சாய்க்க ஒருவருக்கு உரிமை உண்டு, அடுத்தவருக்குக் கிடையாது. நேசமணி முக்காலிகளை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போடச் செய்தார். மனு எழுதவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதே மண்ணில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு கொஞ்சம் இறங்கிவந்தது. அந்த நினைவு இன்னும் ஆறாத வீடுகளிலிருந்துதான் நேசமணியின் தலைமுறை படித்து மேலே வந்தது.

இதைச் சொல்லாமல் தெற்கெல்லைப் போராட்டத்தை வெறும் மொழிப் போராட்டமாகச் சுருக்கிவிட்டால், மக்கள் ஏன் அத்தனை உறுதியாக நின்றார்கள் என்பது விளங்காது. திருவிதாங்கூரில் மலையாளம் அரசாங்கத்தின் மொழி மட்டுமல்ல, நிலவுடைமையாளர், தாசில்தார், போலீஸ்காரர் ஆகியோரின் மொழியும்கூட. விளவங்கோட்டுப் பனையேறிக்கு மொழியும் சாதியும் தனித்தனிப் பிரச்சினைகளாக வரவில்லை. இந்தப் போராட்டத்தை நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசை 'நாடார் கட்சி' என்று எதிரிகள் ஏசியபோது, அதில் ஒரு பங்கு உண்மை இருக்கத்தான் செய்தது. அதன் வலுவான தளம் அந்தச் சமூகமே. அது குறை என்று நாம் நினைக்கவில்லை. அதிகம் மிதிபட்டவர்கள்தான் முதலில் எழுவார்கள்.

அந்த இயக்கத்தைத் தொடங்கியவர் நேசமணி அல்லர். 1945 டிசம்பரில் சாம் நத்தானியேல் முதலியோர் நாகர்கோவிலில் விதை போட்டார்கள். ஐக்கிய கேரளம் என்ற கோரிக்கை வலுத்துவந்த 1947இல்தான் நேசமணி வந்து சேர்ந்தார். வந்த பிறகு அது அவருடைய இயக்கமாகவே ஆகிவிட்டது. 1948 தேர்தல் காலத்திலேயே துப்பாக்கி வெடித்தது. மங்காட்டு தேவசகாயமும் கீழ்குளம் செல்லையனும் முதல் பலிகள். அதே தேர்தலில் தமிழ்ப் பகுதிகளில் கட்சி பெருவெற்றி பெற்றது.

நேசமணியின் சாமர்த்தியம் தெருவில் மட்டும் இல்லை. 1952இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தின் 108 இடங்களில் காங்கிரசுக்கு 44 இடங்கள்தான். ஏ. ஜே. ஜான் அமைச்சரவை பிழைத்திருந்தது தமிழ்நாடு காங்கிரசின் எட்டு உறுப்பினர்கள் கொடுத்த ஆதரவில். கோரிக்கைக்குச் செவிசாய்க்கவில்லை என்று தெரிந்ததும் ஆதரவு விலக்கப்பட்டது. 1953இல் அமைச்சரவை கவிழ்ந்தது. 1954 தேர்தலில் எட்டு பன்னிரண்டாயிற்று. அளவில் சிறிய ஒரு பிராந்தியக் கட்சி தன் எண்ணிக்கையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு, கூட்டணி அரசியலைப் பற்றி யாரும் பேசாத அந்தக் காலத்திலேயே கிடைத்த பாடம் இது. பதவியோடு நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். தாலுகா கேட்டார்கள்.

அடுத்து வந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அமைச்சரவை. அந்த 1954இல்தான் தேவிகுளம் மலைப் பகுதியில் தடையை மீறி நேசமணியும், அப்துல் ரசாக்கும், சிதம்பரநாதனும் கைதானார்கள். தலைவர்கள் மலையில் கைதான செய்தி கேட்டு, தெற்கே நான்கு தாலுகாக்களும் கொதித்தன. ஆகஸ்ட் 11ஆம் தேதியை விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைத்த எளிய மனிதர்கள். அலகாபாத்தை அடுத்த நைனி சிறையில் இருந்த பிரஜா சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா, தன் கட்சி அரசு மக்களைச் சுட்டுவிட்டது என்று அறிந்ததும் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. அந்தப் பிணக்கு வளர்ந்து இந்திய சோசலிஸ்ட் இயக்கமே பிளந்தது. தன் கட்சி ஆட்சியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காகத் தன் கட்சியையே பதவி விலகச் சொன்ன தலைவரை அதற்குப் பிறகு நாம் பார்க்கவில்லை. புதுக்கடை என்ற சிற்றூரின் பெயரை அகில இந்திய அரசியல் வரலாற்றில் சேர்க்க வேண்டியது இதற்காக.

கவனியுங்கள்: தெற்கே உயிர்விட்டவர்கள், மலையில் கைதானவர்களுக்காக ஊர்வலம் போனவர்கள். தோவாளையும் தேவிகுளமும் அவர்களுக்கு ஒரே கோரிக்கை.

மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. ஃபசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். தெற்குத் தாலுகாக்களையும் செங்கோட்டையையும் தமிழகத்துக்குத் தரலாம் என்றார்கள். தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இருந்தும், அங்குள்ள தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்லர் என்பதை ஒரு முக்கியக் காரணமாக எடுத்துக்கொண்டு மலையை மறுத்தார்கள். காடாகக் கிடந்த கண்ணன் தேவன் மலையைக் கங்காணிகள் கூட்டிவந்த திருநெல்வேலி, மதுரைச் சீமைக் கூலிகள்தான் தேயிலை மலையாக்கினார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலமில்லாதவன் குடியில்லாதவன் என்று ஆயிற்று.

நேசமணி மக்களவையில் இருந்தபடியும் இதற்காக வாதாடினார். சென்னையை ஆண்ட காங்கிரஸ், தெற்கு கிடைத்ததே போதும் என்ற மனநிலையில் இருந்தது. இணைப்புக்குப் பிறகு அவரது கட்சியும் காங்கிரசில் கரைந்தது. 1957இல் கிள்ளியூரிலிருந்து சட்டமன்றம் போனார். 1962, 1967 இரண்டிலும் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி. 1968 ஜூன் 1 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்த இடைத்தேர்தலில் காமராசர் அங்கிருந்துதான் மக்களவைக்குப் போனார். பெரிய கட்சிக்குள் போன நேசமணிக்கு மலையைப் பற்றிப் பேசும் வலு குறைந்துவிட்டது என்பது நம் கருத்து.

கிடைத்த மண்ணிலும் எல்லாம் நேராகிவிடவில்லை. போராட்டத்தில் அவரோடு நின்ற தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவரானார். மொழிக்காகச் சேர்ந்து அடிவாங்கிய கிறிஸ்தவரும் இந்துவும் 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்தில் மோதிக்கொண்டார்கள். அதைத் தனியே எழுத வேண்டும்.

மலைக்குத் திரும்புவோம். தோட்டத் தொழிலாளி குடியிருப்பது லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுத்தடுத்த வீடுகள். முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஓர் அறை, பின்னால் புகையேறிய அடுப்படி. வீடு கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால் தாய்க்குப் பின் மகளோ மகனோ அதே வேலையில் சேர்ந்தால்தான் கூரை தங்கும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 20 சதவீத போனஸைப் பத்தாகக் குறைத்ததில் தொடங்கியது. நாள் கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள். கட்சிச் சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. 'பொம்பிளை ஒருமை' என்று தமிழிலேயே பேர் வைத்துக்கொண்டார்கள். கூலி 301 ஆனது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். வந்து போகிறவர்கள் என்று 1955இல் எழுதப்பட்டவர்களின் வாரிசுகள் அந்த மண்ணுக்குள்ளேயே போனார்கள்.

தேவிகுளம், பீர்மேடு என்றாலே நம் மேடைகளில் தண்ணீர்தான் பேசப்படுகிறது. பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருப்பது உண்மை. ஐந்து மாவட்டங்களின் வயிறு அதை நம்பியிருப்பதும் உண்மை. ஆனால் அணையைப் பற்றி ஆவேசப்படுகிறவர்கள் லயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. எல்லையைத் திருத்த வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. இன்று மலையில் இருக்கும் தமிழர்கள் கேரளத்தின் வாக்காளர்கள், குடிமக்கள்.

கேட்க வேண்டியது வேறு. அந்தத் தோட்டங்களில் பெருந்தொகையினர் தலித்துகள். அவர்களின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். பட்டா இல்லாத, கம்பெனி லயத்தில் பிறந்த பிள்ளை எதைக் கொண்டுபோய்க் காட்டும்? கேட்டால் கம்பெனியின் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, வேண்டுமாம். தமிழ்நாட்டுக்கு வந்தால் நீ கேரளத்தவன் என்ற பதில். இட ஒதுக்கீடு கைக்கெட்டாமல் ஒரு தலைமுறையே மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்குகிறது. இரண்டு அரசுகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து, தோட்டத்தில் பிறந்ததற்கான எந்தப் பதிவையும், அது பள்ளிச் சேர்க்கையோ, ஞானஸ்நானமோ, மருத்துவமனைக் குறிப்போ, ஆதாரமாக ஏற்கும்படி ஒன்றிய அரசிடம் ஆணை வாங்க முடியும். நாகர்கோவிலில் மணிமண்டபம் கட்டிய அரசு, நேசமணியின் பெயரால் இந்தப் பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டும். அடுத்த முறை இரு மாநில முதல்வர்களும் சந்திக்கும்போது அணைக்கு முன்னால் இது பேசப்பட வேண்டும்.