கோவெண்டர் நம்ம சொந்தமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் 'கோவெண்டர்' என்ற குடும்பப் பெயர் சர்வசாதாரணம். நம்ம 'கவுண்டர்'தான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது. 'முதலியார்' மூட்லி ஆன மாதிரி!

1860 நவம்பரில் மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குப் போனார்கள். ஆங்கில எழுத்தில் ஏறிய பட்டங்கள் உருமாறி, பரம்பரைப் பெயர்களாக நிலைத்துவிட்டன. 1903 முதல் தென்னிந்தியர்கள் போன ஃபிஜியிலோ 'கவுண்டர்' அப்படியே குடும்பப் பெயர்.

இதைச் சொன்னால் போதும், "அட, நம்ம கொங்கு ஆளுங்க!" என்று கிளம்பிவிடுகிறார்கள். இங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். கவுண்டர் பட்டம் கொங்கு வெள்ளாளருக்கு மட்டுமா? வேட்டுவக் கவுண்டர் உண்டு, வட தமிழகத்தில் வன்னியர்களுக்கும் உண்டு. நேட்டால் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். வெறும் பெயரை வைத்து ஊரையோ கூட்டத்தையோ கண்டுபிடிக்க முடியாதுங்க.

நம்ம ஆர்.எஸ்.புரத்தையே பாருங்கள். ரத்தினசபாபதி முதலியார் பெயர்தான். பட்டம் உதிர்ந்து வெறும் இனிஷியல் நிற்கிறது. கடல் கடந்தவர்களுக்கோ பேர் போய் பட்டம் மட்டும் மிஞ்சியது. நாடகாசிரியர் ரோனி கோவெண்டர் (1934–2021) தன் எழுத்தில் கொண்டுவந்த ஊர் டர்பனின் கேட்டோ மேனர், கோயமுத்தூர் அல்ல. அவர்களுடைய உழைப்பையும் கதையையும் தெரிந்துகொள்வோம். ஜாதிக் கணக்கில் சேர்க்க வேண்டாமே!