பனியின் அடிவயிறும் அரியலூர்ச் சுண்ணாம்பும்

"வடதுருவத்துல பனி உருகினா அரியலூர்க்காரனுக்கு என்னய்யா?" இதைக் கேட்டுவிட்டுப் பெரிய யதார்த்தவாதி மாதிரி சிரிக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

1958 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் நாட்டிலஸ் நீர்மூழ்கி வடதுருவத்துக்கு அடியில் கடந்து போனது. பனியின் அடிப்பக்கம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று தெரியாவிட்டால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே மேல்நோக்கி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து அளந்துகொண்டே போனார்கள். நோக்கம் பனிப்போர். அடுத்தடுத்துப் போன கப்பல்களின் அளவுகள் பல வருஷம் ராணுவ ரகசியமாகவே கிடந்தன. பிறகு அவற்றில் ஒரு பகுதி ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. 1999இல் ராத்ராக் குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீருக்குக் கீழே இருக்கும் பனியின் சராசரி ஆழம் 3.1 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது.

இப்போ அரியலூருக்கு வாங்க. இங்கே வெட்டுகிற சுண்ணாம்புக்கல், கிரெட்டேசியஸ் காலக் கடலின் அடித்தரை. சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சூளையில் சுட்டால், எரிபொருள் புகை போக, கல்லிலிருந்தே சுமார் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். கோடிக்கணக்கான வருஷம் பூட்டிக் கிடந்த வாயு அது. "நமக்கென்ன?" என்பதற்குப் பதில் நம்ம ஊர்ச் சூளையிலேயே இருக்கிறது.

"ஆலையை மூடச் சொல்றியா? வேலைக்கு எங்க போறது?" மூடச் சொல்லவில்லை. கணக்கைக் காட்டச் சொல்கிறேன். சுரங்கம் சுரங்கமாக, எவ்வளவு வெட்டினீர்கள், எவ்வளவு வாயு, வெடி வைக்கும் முன் எந்த அடுக்கில் என்ன புதைபடிவம் இருந்தது? ஊர்க்காரர் படிக்கிற தமிழில் வையுங்கள்.

பதிவு செய்யாவிட்டால் என்னாகும் என்பதற்குக் கல்லமேடு சாட்சி. யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் விவரித்த பிருகத்காயோசாரஸ் என்ற ராட்சத விலங்கின் எலும்புகள் பொடிந்தே போய்விட்டன. மிஞ்சியது சில படங்களும் முடிவில்லாத சந்தேகமும். பக்கத்துப் பெரம்பலூரில், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர் கல்மரம் வேலிக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. அதாவது, மனசு வைத்தால் நம்மாலும் முடியும்.

ராணுவம் அளந்ததை ஒளித்துத்தான் வைத்தது. ஆனாலும் எழுதி வைத்திருந்ததால் ஒருநாள் திறக்க முடிந்தது. எழுதாமலே சிமெண்டு மூட்டையாகிப் போனதை யாரால் திறக்க முடியும்?