குக்கர் விசிலும் கிளவுட் சர்வரும்

காலை எட்டு மணி. குக்கர் விசில் அடிக்கிறது, வாசலில் காலிங் பெல், ஹாலில் போன் வேறு கூப்பிடுகிறது. நறுக்கிக்கொண்டிருந்த காயை அப்படியே வைத்துவிட்டு, எதை முதலில் கவனிப்பது என்று நொடியில் முடிவெடுக்கிறீர்கள் அல்லவா?

கம்ப்யூட்டருக்கும் இதே பாடுதான். கீபோர்டைத் தட்டினால் ஒரு மணி, நெட்டில் தகவல் வந்தால் ஒரு மணி. இதற்குப் பெயர் இன்டரப்ட். எந்த மணிக்கு முன்னுரிமை என்று பார்த்து ப்ராசஸரிடம் சொல்வது இன்டரப்ட் கன்ட்ரோலர். 1981-ல் வந்த ஐ.பி.எம் பி.சி-யில் இந்த வேலையை இன்டெல் 8259ஏ என்ற சிப் பார்த்தது. அதனிடம் இருந்தவை எட்டே மணிகள். இன்றைய கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு ப்ராசஸர் கோருக்கும் தனி கன்ட்ரோலர் உண்டு.

இப்போது கிளவுடுக்கு வருவோம். அங்கே ஒரே பெரிய சர்வர், பல கம்ப்யூட்டர்களாக வேஷம் போடுகிறது. இவைதான் விர்ச்சுவல் மெஷின்கள். உங்கள் ஆப் ஒன்றில், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய நிரல் இன்னொன்றில். சுவர் மட்டும்தான் நடுவில். வேஷம் கச்சிதமாக இருக்க வேண்டுமே! அதனால் அந்தப் பழைய 8259 சிப்பையும் மென்பொருளே நடித்துக் காட்ட வேண்டும்.

லினக்ஸில் 2007-ல் சேர்ந்த கே.வி.எம், வேகத்துக்காக இந்த நடிப்பை கெர்னலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. கெர்னல் என்பது வீட்டில் பீரோ இருக்கும் அறை மாதிரி. அங்கே ஒரு ஓட்டை விழுந்தால் மொத்த வீடும் போச்சு.

பழைய சாமானில் ஆபத்து உண்டா என்று கேட்கலாம். 2015-ல் 'வெனம்' என்ற ஓட்டை வெளியானது. கியூஎமு என்ற மென்பொருளில், ஃபிளாப்பி டிஸ்க்கை நடிக்கும் பகுதியில் அது 2004 முதலே ஒளிந்திருந்தது. ஃபிளாப்பியை யாரும் தேடாத காலத்திலும், விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பவர் சுவரைத் தாண்ட அது வழி விட்டது. இத்தனைக்கும் அது கெர்னலுக்கு வெளியே, ஹாலில் இருந்த சாமான்தான்!

அப்படியானால் பீரோ அறையில் இருக்கும் பழைய சாமான்களை என்ன செய்வது? 2016 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.4 ஒரு வழி சொன்னது: வேலையைப் பிரித்துவிடுங்கள். ஓயாமல் மணி அடிக்கும் கோர் கன்ட்ரோலர் மட்டும் கெர்னலுக்குள் இருக்கட்டும். 8259 போன்ற பழசுகளை வெளியே உள்ள சாதாரண மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும். அவற்றைக் கூப்பிட வெளியே போய் வர வேண்டும், கொஞ்சம் தாமதமாகும். ஆனால் இன்றைய கருவிகள் பெரும்பாலும் கோர் கன்ட்ரோலருக்கே நேராகச் செய்தி அனுப்பிவிடுவதால், பழசைக் கூப்பிடும் தேவையே குறைவு. 2019-ல் கியூஎமு இன்னும் ஒரு படி போய், 'மைக்ரோவிஎம்' என்ற வகையில் 8259-ஐ அடியோடு அணைத்துவிடவும் வசதி கொடுத்தது.

புதிய பூட்டு எதுவும் வாங்கவில்லை. பீரோ அறையைக் காலி செய்ததே ஒரு பாதுகாப்பு.

உங்கள் போனிலும் இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். ஆறு மாதமாகத் திறக்காத ஆப் எதற்கெல்லாம் கான்டாக்ட், கேமரா, மைக் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறீர்கள்? வேண்டாததை நீக்குங்கள். வேண்டியதாக இருந்தால், ஹாலோடு நிறுத்துங்கள்!